உப்பும் மூன்று கட்டுரைகளும்

நுழையும்முன்

தமிழ்த் தேர்விலும் பொருளியல் தேர்விலும் வணிகவியல் தேர்விலும் ‘கட்டுரை வரைக’ என்னும் தொடர் இடம்பெறுகிறது. தொடர் ஒன்றுதான், அது வேண்டும் விடை மூன்று துறையிலும் ஒன்றன்று. ஒரு துறையில் பாராட்டப்பெற்ற எழுத்துமுறை மற்றொரு துறையில் மதிப்பெண்ணை இழக்கச் செய்வதும் உண்டு. துறைக்குத் துறை கட்டுரையில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்பதை ‘உப்பு’ என்னும் ஒரே பொருளைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

கட்டுரை என்னும் சொல்

கட்டி உரைப்பது கட்டுரை. கருத்துகளைச் சிதறவிடாமல் ஓர் ஒழுங்கில் பிணைத்துச் சொல்வது என்பது இச்சொல்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வகை எழுத்து வேறொரு பெயரைப் பெற்றது. பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் 1580ஆம் ஆண்டு தம் உரைநடை எழுத்துகளை ‘எஸ்ஸே’ என்னும் பெயரில் வெளியிட்டார். அம்மொழியில் அச்சொல்லுக்கு ‘முயற்சி’, ‘சோதித்துப் பார்த்தல்’ என்பன பொருள்.

இவ்விரு பெயர்களும் கட்டுரையின் இரு இயல்புகளைச் சுட்டுகின்றன. ஒரு கருத்து நிற்குமா, நிற்காதா எனச் சோதித்துப் பார்ப்பது முதல் இயல்பு. சோதனையில் நின்ற கருத்தைப் படிப்பவர் ஏற்கும் வகையில் கட்டி அமைப்பது இரண்டாவது இயல்பு. பிறர் எழுதித் தந்த கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும்போது சோதித்தல் நிகழ்வதில்லை, கட்டுதலும் நிகழ்வதில்லை. எஞ்சுவது நினைவாற்றல் ஒன்றே. வினா சற்றே மாறினாலும் அந்த விடை பயன்படாமல் போவது இதனால்தான்.

தெரிந்து தெளிவோம்

சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் ஒரு பகுதிக்குக் ‘கட்டுரை காதை’ என்று பெயர். மதுரையின் காவல் தெய்வமாகிய மதுராபதி, கண்ணகியின் முன் தோன்றிக் கோவலனின் முற்பிறப்புச் செய்தியை எடுத்துரைக்கும் பகுதி அது. காண்டங்களின் இறுதியில் அமைந்து, அக்காண்டத்தின் செய்தியைத் தொகுத்துரைக்கும் பகுதியும் ‘கட்டுரை’ என்றே வழங்கப்பெறுகிறது.

ஒரு பொருள், மூன்று வினாக்கள்

உப்பு எல்லார் வீட்டிலும் இருப்பது. அதனைப் பற்றி மூன்று துறை மாணவர்கள் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். இலக்கிய மாணவர், ‘உப்பைப் பாடிய புலவர் அதன்வழி எதனை உணர்த்துகிறார்?’ என வினவுகிறார். பொருளியல் மாணவர், ‘உப்பின்மீது விதிக்கப்பட்ட வரியின் சுமை யார்மீது விழுந்தது? ஏன்?’ என வினவுகிறார். வணிகவியல் மாணவரோ, ‘உப்பு விளைவிக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எவ்வகையில் விற்றால் நிலைத்து நிற்கும்?’ என வினவுகிறார்.

முதல் வினா பொருள் காணச் சொல்கிறது. இரண்டாவது காரணம் காட்டச் சொல்கிறது. மூன்றாவது முடிவெடுக்கச் சொல்கிறது. வினா மாறும்போது, அதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கதும் மாறுகிறது. கட்டுரை எழுதத் தொடங்குமுன் மாணவர் தெளிய வேண்டிய முதற்செய்தி இதுவே.

இலக்கியக் கட்டுரை: சொல்லே சான்று

அகநானூற்றின் 140ஆம் பாடல் அம்மூவனார் பாடியது. பரதவர் உழாமல் விளைவித்த உப்பை உமணர் வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். உமணரின் இளமகள் ஒருத்தி கைவளை ஒலிக்கச் சேரியில் சென்று, நெல்லுக்கு நிகராக உப்புத் தருவதாக விலை கூறுகிறாள். அவளது வேற்றுக் குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தில் மருண்ட கண்கள் தலைவனின் நெஞ்சில் நோயாய்ப் பதிகின்றன. சேற்றில் அழுந்திய வண்டியை அவள் தந்தை மீட்க முயலும்போது, அதனை இழுக்கும் எருது எவ்வாறு வருந்தி வெப்பமாக மூச்சுவிடுமோ அவ்வாறு தன் நெஞ்சம் பெருமூச்செறிவதாகத் தலைவன் தன் பாங்கனிடம் கூறுகிறான்.

இப்பாடலைப் பற்றி எழுதும் மாணவர், ‘இது மிக இனிமையான பாடல், படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்வது’ என்று பத்து வரி எழுதலாம். அவ்வரிகளை வேறு எந்தப் பாடலுக்கும் அப்படியே பொருத்திவிடவும் முடியும். எல்லாப் பாடலுக்கும் பொருந்தும் புகழுரை, எந்தப் பாடலையும் விளக்குவதில்லை.

மற்றொரு மாணவர் ஒரு வினாவிலிருந்து தொடங்குகிறார்: தலைவன் தன் துயரத்துக்கு உவமை தேடும்போது, மலரையோ நிலவையோ நாடாமல் உப்பு வண்டி இழுக்கும் எருதை ஏன் நாடினான்? அவள் யாருடைய மகளோ அவருடைய தொழிலிலிருந்தே உவமை பிறக்கிறது. அவளை எண்ணும்போது அவள் தந்தையும் வண்டியும் வழியிலுள்ள சேறும் அவன் நினைவில் உடன் வருகின்றன. உமணரின் கடும் உழைப்பும் தலைவனின் காதல் துயரமும் ஒரே மூச்சில் இணைகின்றன. ‘தலைவியின் உலகம் தலைவனின் மொழிக்குள் புகுந்துவிட்டதை இவ்வுவமை காட்டுகிறது’ என்பது இம்மாணவரின் கருத்து. வளையொலி, விலை கூறும் குரல், நாயின் குரைப்பு, எருதின் மூச்சு எனப் பாடல் முழுவதும் ஒலியால் நிரம்பியிருப்பதையும் அவர் எடுத்துக்காட்ட இயலும்.

பாடலில் இல்லாத ஒன்றை அவர் கொண்டுவரவில்லை. பாடலில் உள்ளதையே பிறர் காணும்படி செய்துள்ளார். இலக்கியக் கட்டுரையில் சான்றாக நிற்பது நூலிலுள்ள சொல், காட்சி, அமைப்பு ஆகியவையே. மேற்கோள் காட்டுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. அம்மேற்கோள் தம் கருத்தை எவ்வாறு தாங்குகிறது என்பதை அடுத்த வரியிலேயே விளக்குதல் வேண்டும்.

பொருளியல் கட்டுரை: காரணத்தின் தொடர்

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு உற்பத்தியும் விற்பனையும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. உப்புக்கு வரியும் விதிக்கப்பட்டது. ‘மாண்ட்’ எனப்பட்ட ஏறத்தாழ 37 கிலோ நிறைக்கு 1 ரூபாய் 4 அணாவாக இருந்த வரி, 1923ஆம் ஆண்டு 2 ரூபாய் 8 அணாவாக இரட்டிப்பாக்கப்பட்டது. எதிர்ப்பின் விளைவாக அடுத்த ஆண்டே அது பழைய அளவுக்குக் குறைக்கப்பட்டது. 1930 மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள், ஏப்ரல் 6ஆம் நாள் தண்டியில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார். அதே ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். 1947இல் உப்பு வரி நீக்கப்பட்டது.

இச்செய்திகளை ஆண்டு வரிசையில் எழுதினால் அது வரலாற்றுக் குறிப்பாகும். பொருளியல் கட்டுரை ஆகாது. ‘கொடுங்கோல் வரி ஏழைகளின் குருதியை உறிஞ்சியது’ என்று உணர்ச்சி பொங்க எழுதினால் அது மேடைப் பேச்சாகும். பொருளியல், ‘எவ்வழியாக?’ என்று கேட்கிறது. அவ்வழியைப் படிப்படியாகக் காட்டுவதே கட்டுரையின் பணி.

முதற்படி: உப்புக்கு மாற்றுப்பொருள் இல்லை. அரிசி விலை ஏறினால் கேழ்வரகுக்கு மாறலாம்; உப்பு விலை ஏறினால் மாறுவதற்கு வேறொன்றில்லை. ஆகவே விலை உயர்ந்தாலும் வாங்கும் அளவு பெரிதாகக் குறைவதில்லை. இதனையே நெகிழ்ச்சி குறைந்த தேவை என்பர். இரண்டாம் படி: இத்தகைய பொருளின்மீது வரி விதித்தால், வரியின் பெரும்பகுதியை விற்பவர் விலையோடு சேர்த்து வாங்குபவர்மீது ஏற்றிவிட முடியும். மூன்றாம் படி: செல்வர் ஒருவர் ஏழையைப்போல் நூறு மடங்கு உப்பு உண்பதில்லை. இருவரும் ஏறத்தாழ ஒரே அளவே உண்பதால், செலுத்தும் வரியும் ஏறத்தாழ ஒன்றே.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 100 ரூபாய். மற்றொரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1000 ரூபாய். இரண்டும் உப்பு வரியாக ஆண்டுக்கு 1 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். முதற்குடும்பம் தன் வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கை இழக்கிறது. இரண்டாவது குடும்பம் ஆயிரத்தில் ஒரு பங்கையே இழக்கிறது. வருமானம் குறையக் குறையச் சுமை கூடுகிறது. இத்தகைய வரியைத் தேய்வுவீத வரி என்பது பொருளியல் வழக்கு. ‘குருதியை உறிஞ்சியது’ என்னும் தொடர் எழுப்ப முயன்ற சினத்தை, இச்சிறு கணக்கு அமைதியாகவே எழுப்பிவிடுகிறது.

பொருளியல் கட்டுரையில் பெரிதும் நேரும் பிழை ஒன்று உண்டு. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொண்டுவிடுவதே அது. வரி உயர்ந்த ஆண்டில் உப்பு விற்பனை குறைந்திருந்தால், வரிதான் காரணம் என உடனே எழுதிவிடக் கூடாது. அவ்வாண்டு மழை மிகுந்து விளைச்சல் குறைந்திருக்கலாம். வரி உயரும் என அறிந்த வணிகர்கள் முந்தைய ஆண்டே வாங்கிக் குவித்திருக்கலாம். பிற காரணங்களை எண்ணிப் பார்த்து, அவற்றுள் பொருந்தாதவற்றைச் சான்றுடன் விலக்கிய பின்னரே ‘ஆகவே’ என்னும் சொல்லை எழுத வேண்டும்.

வணிகவியல் கட்டுரை: முடிவும் பொறுப்பும்

தூத்துக்குடிப் பகுதியில் உப்பு விளையும் முறை எளிதாகத் தோன்றும். உண்மையில் அது நுட்பமானது. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3.5 பங்கு உப்புகள் கரைந்துள்ளன. நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் படிப்படியாகச் செறிவேற்றி, இறுதிப் பாத்திகளில் உப்பைப் படியச் செய்கின்றனர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விளைச்சல் நின்றுவிடுகிறது. ஆண்டின் சில மாதங்களே விளைச்சல். செலவும் கடனுக்கான வட்டியும் ஆண்டு முழுவதும் தொடர்கின்றன.

மனிதர் நேரடியாக உண்ணும் உப்பை அயோடின் கலந்தே விற்க வேண்டும் என்னும் விதி 2006 முதல் இந்தியா முழுவதும் நடைமுறையில் உள்ளது. இந்நிலையில் சிறு உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, கல்லுப்பை மொத்தமாக வணிகருக்கு விற்பதா, எந்திரம் நிறுவி அயோடின் கலந்து பொட்டலமாக விற்பதா என எண்ணுவதாகக் கொள்வோம். வணிகவியல் மாணவர் எழுத வேண்டியது இதற்கான விடையை.

பொட்டலமாக விற்றால், மொத்த விற்பனையைவிடக் கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் எனக் கொள்வோம். அயோடின், பொட்டலம், வண்டிக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். எஞ்சுவது 3 ரூபாய். எந்திரத்துக்கான வாடகை, வட்டி, நிலையான ஊதியம் ஆகியன ஆண்டுக்கு 6,00,000 ரூபாய் என்றால், அதனை ஈடுகட்ட 2,00,000 கிலோ, அஃதாவது 200 டன் விற்க வேண்டும். 150 டன் மட்டுமே விற்றால் 1,50,000 ரூபாய் நட்டம். 250 டன் விற்றால் அதே தொகை ஆதாயம்.

கணக்கு இங்கு முடிகிறது, கட்டுரை முடியவில்லை. 200 டன்னுக்கு மேல் வாங்குவோர் உள்ளனரா? கடைக்காரர்கள் எத்தனை நாள் கடன் கேட்பர்? மழைக்காலத்தில் விற்பதற்குப் போதிய இருப்பைக் கரையாமல் காக்க இடம் உண்டா? இவ்வினாக்களை எதிர்கொண்ட பின்பே மாணவர் ஒரு முடிவைப் பரிந்துரைக்க முடியும். ‘இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று முடிக்கும் வணிகவியல் கட்டுரை, சங்கத்தின் உறுப்பினரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. ‘ஆண்டுக்கு 200 டன்னுக்கு மேல் முன்பதிவு கிடைத்தால் மட்டும் எந்திரம் நிறுவலாம், கிடைக்காவிடில் மொத்த விற்பனையைத் தொடரலாம்’ என்பது அவர் நாளை கடைப்பிடிக்கக் கூடிய முடிவு.

சான்று இடம் மாறும்போது

ஒரு துறையின் சான்றை மற்றொரு துறை எடுத்தாளலாமா? ஆளலாம், எல்லை அறிந்து ஆள வேண்டும். அம்மூவனாரின் பாடலில் நெல்லுக்கு நிகராக உப்பு விற்கப்படுகிறது. பண்டமாற்று நடந்தது என்பதற்கும், உப்பு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது என்பதற்கும் பொருளியல் மாணவர் இதனைச் சான்றாகக் காட்டலாம். ஆனால், ‘சங்க காலம் முழுவதும் தமிழகமெங்கும் உப்பின் விலையும் நெல்லின் விலையும் ஒன்றே’ என்று எழுதினால், ஒரு பாடல் தாங்க முடியாத பாரத்தை அதன்மீது ஏற்றியவர் ஆகிறார். புலவர் பதிவு செய்தது ஒரு பெண்ணின் குரலை. சந்தையின் விலைப்பட்டியலை அன்று.

இவ்வாறே, உப்பு வரியின் புள்ளிவிவரங்களை அடுக்கி அகநானூற்றுப் பாடலின் சுவையை விளக்கிவிட இயலாது. இலக்கியக் கட்டுரையில் சிறப்பாக அமைந்த அணிநடையை வணிக அறிக்கையில் கையாண்டால், முடிவு எங்கே இருக்கிறது என்று படிப்பவர் தேட நேரும்.

துறைகள் இவ்வளவு வேறுபட்டாலும், எழுத்தின் குற்றங்கள் எல்லாத் துறைக்கும் பொதுவானவை. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துள்ளது. பாடலை விளக்காமல் புகழ்மொழிகளால் நிரப்புவது, பொருளற்ற சொற்களைத் தொடுக்கும் வெற்றெனத் தொடுத்தல். உப்பு வரியைப் பற்றிய வினாவுக்குத் தண்டி நடைப்பயணத்தை மூன்று பக்கம் எழுதுவது மற்றொன்று விரித்தல். பொட்டல விற்பனையே சிறந்தது எனத் தொடங்கி, மொத்த விற்பனையே ஏற்றது என முடிப்பது மாறுகொளக் கூறல். கணக்கைக் காட்டாமல் முடிவை மட்டும் கூறுவது குன்றக் கூறல். பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்துரைக்கப்பட்ட இக்குற்றங்கள் இன்றைய விடைத்தாளிலும் இடம்பெறவே செய்கின்றன.

உப்பளத் தொழிலாளி எங்கே?

மூன்று கட்டுரைகளிலும் ஒரு மனிதர் மறைந்து நிற்கிறார். அவர் உப்பளத்தில் உழைப்பவர். வணிகவியல் கட்டுரையில் அவர் ‘ஊதியம்’ என்னும் செலவுக் கணக்கின் ஒரு வரி. அவ்வரியைக் குறைத்தால் சங்கத்தின் ஆதாயம் கூடும். பொருளியல் கட்டுரையில் அவர் மழை மாதங்களில் வேலையிழக்கும் பருவகாலத் தொழிலாளர். அவ்வரியைக் குறைத்தால் குறைவது அவருடைய ஆண்டு வருமானம். தூத்துக்குடி உப்பளங்களில் கள ஆய்வு செய்து இராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ என்னும் புதினத்தைப் பற்றிய கட்டுரையில் அவருக்கு வீடும் உறவும் குரலும் உண்டு.

இம்மூன்றுள் எது உண்மை? மூன்றும் உண்மை. எதுவும் முழு உண்மை அன்று. செலவைக் கணக்கிடாத சங்கம் நிலைக்காது. நிலைக்காத சங்கம் எவருக்கும் ஊதியம் தர இயலாது. வருமானத்தின் போக்கை அறியாத இரக்கம், உரிய தீர்வைக் காட்டாது. அக்குரலைக் கேளாத கணக்கோ, எதனைக் குறைக்கிறது என்பதை அறியாமலே குறைத்துவிடும். ஊதியத்தைக் குறைத்து ஆதாயத்தைக் கூட்டலாம் எனப் பரிந்துரைக்கும் மாணவர், அதன் விளைவு யார்மீது விழும் என்பதையும் அதே பத்தியில் எழுதக் கடமைப்பட்டவர்.

மேல்நிலை வகுப்பு மாணவர் நாளை கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கராகலாம், வரி விதிக்கும் அலுவலராகலாம், எழுத்தாளருமாகலாம். அப்போது அவர் எழுதும் ஒரு பத்தியைக் கொண்டு ஒருவருடைய ஊதியம் முடிவு செய்யப்படலாம். வினாவை அறிந்து, அதற்குரிய சான்றைத் தேடி, அச்சான்று தாங்கும் அளவுக்கே கூறி, கூறியதற்குப் பொறுப்பேற்கும் பழக்கம் வகுப்பறைக் கட்டுரையிலேயே தொடங்குகிறது. உப்பின் அளவு உண்ணும்போது தெரிந்துவிடும். சான்றின் அளவும் அவ்வாறே, படிக்கும்போது தெரிந்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. ‘மழை’ என்னும் பொருளில் இலக்கியம், பொருளியல், வணிகவியல் ஆகிய துறைகளுக்கு உரிய வினாக்களை ஒவ்வொன்றாக எழுதுக. ஒவ்வொரு வினாவுக்கும் எது சான்றாகும் எனக் குறிப்பிடுக.

2. முன்பு எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, நன்னூல் கூறும் குற்றங்களுள் எவை அதில் உள்ளன எனக் கண்டறிந்து, அக்கட்டுரையைத் திருத்தி எழுதுக.

3. கூட்டுறவுச் சங்கம் மழை மாதங்களிலும் தொழிலாளர்க்குப் பாதி ஊதியம் தர விரும்புகிறது. இதனால் நிலையான செலவு ஆண்டுக்கு 90,000 ரூபாய் கூடும் எனில், எத்தனை டன் பொட்டல உப்பு விற்க வேண்டும் எனக் கணக்கிட்டு, சங்கத்தின் முடிவு ஏற்கத்தக்கதா என ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.